மூன்று பறவைகளின் கொழுப்பு: தனுஷ்கோடிக் குருணைக்கு ஒரு பழைய ஆய்வு சொல்லும் வழி

2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. அதன் கன்டெய்னர்கள் சிலவற்றில் பிளாஸ்டிக் குருணை இருந்தது. நர்டில் என்று செய்தித்தாள்களில் வந்ததே, அதுதான். பக்கெட்டும் பையும் குழாயும் வார்ப்பதற்கு ஆலைகள் வாங்கும் மூலப்பொருள். ஒவ்வொன்றும் ஐந்து மில்லிமீட்டருக்குள் அடங்கும் உருண்டை. தென்மேற்குப் பருவக்காற்றும் நீரோட்டமும் அதைக் குமரிமுனையைச் சுற்றி மன்னார் வளைகுடாவுக்குள் தள்ளிவிட்டன. ஜூனில் தனுஷ்கோடி மணலில் அது ஒதுங்கியது. ராமேஸ்வரம் தீவு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வாகில், தெற்கிலிருந்து மிதந்து வருவதில் ஒரு பங்கு அங்கே ஏறாமல் போகாது.

கரைவலை இழுப்பவர்கள் இதை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட்டார்கள். வலையின் மடியைக் கரையில் கொட்டினால் சூடை, காரல், நெத்திலிக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் குருணை. ஈர மணலோடு சேர்ந்து கையில் ஒட்டும்; உதறினாலும் விரலிடுக்கில் நாலைந்து தங்கிவிடும். கம்பிப்பாட்டுப் பக்கம் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், வர்றவங்க எல்லாரும் போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. இது மீனுக்குள்ள, பறவைக்குள்ள ஏறிருச்சா இல்லையா, அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. விஷம் விஷம்னு எழுதி மீன் விலையைத்தான் இறக்குறாங்க."

நான் வேதியியல் பாடம் நடத்துபவன். அவர் கேட்டதைவிடத் துல்லியமாக இந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வயிற்றில் பிளாஸ்டிக் கிடப்பதைக் கத்தி வைத்து அறுத்தால் யாரும் பார்க்கலாம். அதிலிருந்த ரசாயனம் உடம்பில் ஏறியதா என்பதை அறுத்துப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பொறுமையாக அளந்து காட்டிய ஒரு ஆய்வு வரிசை ஜப்பானில் நடந்திருக்கிறது. டோக்கியோ வேளாண் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஹிடேஷிகே டகாடாவும் அவர் குழுவினரும் செய்தது. அதில் கடற்பறவைகளின் கொழுப்பில் பிளாஸ்டிக் ரசாயனத்தைத் தேடி, 2013இல் கோஸுகே தனாகா முதல் ஆசிரியராக வந்த கட்டுரைதான் இங்கே நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு.

குருணையிலிருந்து தொடங்கிய வேலை

டகாடா பறவையில் தொடங்கவில்லை, குருணையில்தான் தொடங்கினார். 2001இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரைக்காகப் புத்தம் புதிய பாலிபுரோப்பிலீன் குருணையை டோக்கியோ வளைகுடா நீரில் ஆறு நாள் போட்டு வைத்துப் பார்த்தார்கள். நாள் ஏற ஏற, பழைய மின்மாற்றிகளில் பயன்பட்ட பிசிபி என்ற ரசாயனமும், டிடிடி பூச்சிக்கொல்லி சிதைந்து உண்டாகும் டிடிஇயும் குருணையில் கூடிக்கொண்டே போயின. இந்த ரசாயனங்களுக்குத் தண்ணீர் ஆகாது, கொழுப்பும் எண்ணெயும் பிடிக்கும். பிளாஸ்டிக்கும் எண்ணெயிலிருந்து வந்த பொருள்தானே. அதனால் கடல்நீரில் கண்டுபிடிக்கவே சிரமமான அளவில் இருப்பது, குருணையில் பத்து லட்சம் மடங்கு வரை செறிந்துவிடுகிறது.

2006இல் உலகம் முழுக்க உள்ளவர்களுக்கு ஒரு அழைப்பு விட்டார்: உங்கள் கடற்கரையில் கிடக்கும் குருணையைப் பொறுக்கித் தபாலில் அனுப்புங்கள். 2009இல் வந்த முதல் கட்ட முடிவில் 17 நாடுகளின் 30 கடற்கரைகள் இருந்தன. மஞ்சளாகிப்போன குருணையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மஞ்சள் ஏறியிருந்தால் நெடுநாள் கடலில் கிடந்தது என்று அர்த்தம். கப்பலும் பெரிய கருவியும் இல்லாத ஊர்க்காரர்கூட ஒரு உறையில் போட்டு அனுப்பிய சாமானிலிருந்து கடல் மாசின் உலக வரைபடம் ஒன்று உருவானது. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஆய்வுக்கு ஆள்பலம் ஊர்களில் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் குருணையில் ரசாயனம் இருப்பது தெரிந்ததால் மட்டும், அதை விழுங்கிய உயிரிக்குள் அது போனது என்று ஆகிவிடாது. பிசிபி கடலில் எங்கும் இருக்கிறது, மீனிலும் இருக்கிறது. பறவையின் கொழுப்பில் பிசிபி கண்டால் அது மீன் வழியே வந்ததா, பிளாஸ்டிக் வழியே வந்ததா? இங்கேதான் பல ஆய்வுகள் சிக்கிக்கொண்டன.

பன்னிரண்டு பறவைகள்

2013 கட்டுரை ஆராய்ந்தவை: வட பசிபிக்கின் வடபகுதியில், ஆராய்ச்சிக்காக விரித்த வலைகளில் தவறுதலாகச் சிக்கி இறந்த குட்டைவால் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் 12. தரையோடு தொடர்பே இல்லாமல் மாதக்கணக்கில் திறந்த கடலில் வாழும் இனம். வலையில் மாட்டிய பறவை என்பது முக்கியம். கரையில் செத்து ஒதுங்கும் பறவை பெரும்பாலும் பட்டினி கிடந்து, உடம்புக் கொழுப்பைக் கரைத்துத் தின்று, எலும்பும் தோலுமாய் வந்து சேரும். கொழுப்பு குறையும்போது அதில் இருந்த நச்சு மிச்சக் கொழுப்பில் செறிந்துவிடும். கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் எண் பயமுறுத்தும், ஆனால் அது பட்டினியின் கணக்கு. வலையில் மாட்டியவற்றில் அந்தக் குழப்பம் குறைவு.

குழு தேடியது எந்த ரசாயனத்தை என்பதில்தான் இந்த வேலையின் சாமர்த்தியம் இருக்கிறது. பிபிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தீத்தடுப்பு ரசாயனக் குடும்பம். டிவியின் பின்மூடி, கம்ப்யூட்டர் பெட்டி, திரைச்சீலை போன்றவை சட்டென்று பற்றிக்கொள்ளாமல் இருக்கச் சேர்ப்பது. இந்தக் குடும்பத்தில் புரோமின் அணுக்கள் குறைவாக உள்ளவை கடல் மீன்களில் சாதாரணமாகவே கிடைக்கும். புரோமின் அதிகம் உள்ள பிடிஇ-209, பிடிஇ-183 இரண்டும் அந்தப் பறவைகள் தின்னும் திறந்த கடல் மீன்களில் இல்லை. பத்து புரோமின் அணுக்களைச் சுமக்கும் பிடிஇ-209 கனமான மூலக்கூறு. உணவுச் சங்கிலியில் எளிதாக மேலேறி வருவதில்லை. ஆகவே அது பறவையின் கொழுப்பில் இருந்தால், மீனைக் காரணம் காட்ட வழியில்லை.

12 பறவைகளின் வயிற்றுக் கொழுப்பையும் சோதித்தபோது 3 பறவைகளில் அந்த இரண்டும் அகப்பட்டன. அந்த மூன்றின் வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கிலும் அதே சேர்மங்கள் இருந்தன.

மூன்றுதானா என்று கேட்கத் தோன்றும். எனக்கு இந்த மூன்றுதான் கட்டுரையின் பலமாகத் தெரிகிறது. எல்லா பிளாஸ்டிக்கிலும் தீத்தடுப்பு சேர்ப்பதில்லை. தின்ற துண்டில் அது இருந்த பறவையின் கொழுப்பில் இருந்தது. பன்னிரண்டிலும் இருந்திருந்தால் ஆய்வகத் தூசியையே நான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். பிடிஇ-209 அப்படிப்பட்ட ரசாயனம். நம் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அது தூசியாக உதிர்கிறது. மாதிரி இல்லாமல், வெறும் கரைப்பானை மட்டும் எல்லாப் படிகளிலும் ஓட்டிப் பார்க்கும் வெற்றுச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். வெளிச்சம் பட்டால் அது சிதையும், அதனால் பழுப்புக் கண்ணாடிக் குப்பி, சுற்றிலும் அலுமினியத் தாள். ரசாயனக் கலவையைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியின் சூடான நீளக் குழாயில் வெகுநேரம் இருந்தாலும் உடைந்துபோகும். குட்டையான குழாய்தான் போட வேண்டும். இத்தனையும் தாண்டி ஒரு கிராம் கொழுப்பில் நானோகிராம் கணக்கில் அளந்து எழுதியிருக்கிறார்கள். கட்டுரையில் இரண்டே வரியில் போய்விடும் இந்த வேலைக்கு எவ்வளவு கண்விழிப்பு என்று ஆய்வகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பறவைகள் பிளாஸ்டிக்கால் செத்தன என்று அந்தக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. ரசாயனம் பிளாஸ்டிக்கிலிருந்து பறவைக்கு இடம் மாறியிருக்கிறது என்று தரவு சுட்டுகிறது, அவ்வளவுதான். செய்தியாக இது போகும்போது அந்த எல்லைக்கோடு முதலில் அழிந்துபோகிறது.

எண்ணெயில் இறங்குவது

அடுத்த கேள்வி தானாகவே வரும்: பிளாஸ்டிக்குக்குள் பிணைந்து கிடப்பது எப்படி வெளியே வருகிறது? 2015இல் அதே குழு விடை தந்தது. ஷியர்வாட்டர் வகைப் பறவைகளின் இரைப்பையில் எண்ணெய் சேர்ந்திருக்கும். தின்ற மீனின் கொழுப்பிலிருந்து வருவது. தீத்தடுப்பு சேர்த்த பிளாஸ்டிக் துண்டுகளைச் சுத்தத் தண்ணீர், கடல்நீர், ஜீரண அமிலக் கரைசல், இரைப்பை எண்ணெய், மீன் எண்ணெய் என்று தனித்தனியாக ஊறவைத்தார்கள். முதல் மூன்றிலும் சொற்பமாகத்தான் இறங்கியது. இரைப்பை எண்ணெயில் 20 மடங்குக்கு மேல், மீன் எண்ணெயில் 50 மடங்குக்கு மேல். வத்தலைத் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்காது, தாளிக்கிற எண்ணெயில் போட்டால் உடனே சிவக்கும்; அதே கதைதான்.

2020இல் இன்னொரு படி. குருணைக்குள் பிடிஇ-209ஐயும், வெயிலில் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கச் சேர்க்கும் நான்கு சேர்ப்புகளையும் கலந்து, ஸ்ட்ரீக்டு ஷியர்வாட்டர் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலிலும் கொழுப்பிலும் அந்த ரசாயனங்கள் இயல்பு அளவைவிடப் பத்து மடங்கிலிருந்து ஒரு லட்சம் மடங்கு வரை ஏறியிருந்தன. குஞ்சுகளை வைத்து இதைச் செய்தது என்னை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் 2013இல் "சுட்டுகிறது" என்று நின்ற வாக்கியம், "நடக்கிறது" என்று மாறியது இதனால்தான்.

அப்புறம் 2021இல் ரெய் யமாஷிடா முதல் ஆசிரியராக ஒரு உலகளாவிய கணக்கெடுப்பு வந்தது. 32 இனங்களைச் சேர்ந்த 145 பறவைகள். அறுக்கத் தேவையில்லை, பறவையின் வாலடியில், இறகைக் கோதும்போது தடவிக்கொள்ளும் எண்ணெய் சுரக்கும் சுரப்பி இருக்கிறதே, அந்த எண்ணெயை ஒற்றி எடுத்தாலே போதும். சுமார் பாதிப் பறவைகளில் பிளாஸ்டிக் சேர்ப்புகள் இருந்தன.

நம் கரைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது

ஜப்பான் முடிவை அப்படியே எடுத்துத் தனுஷ்கோடியில் ஒட்டுவது தவறு. நம் கரையில் கூட்டமாக இருப்பவை ஆலாக்கள், கடற்காகங்கள், உள்ளான்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வரும். இவற்றுக்கு ஷியர்வாட்டருக்கு இருப்பது போன்ற இரைப்பை எண்ணெய் கிடையாது. ஆலா சிறு மீனை முழுசாக விழுங்கும். அதன் வயிற்றில் பிளாஸ்டிக் தங்கும் காலமும் வேறு, ரசாயனம் இறங்கும் வேகமும் வேறு. அந்த 20 மடங்கை ஆலாவுக்குச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, யாராவது சொன்னால் நம்பவும் மாட்டேன்.

இரண்டாவது சிக்கல் இரையில் இருக்கிறது. வட பசிபிக் நடுக்கடல் மீனில் பிடிஇ-209 இல்லை என்பதால்தான் அந்த ஆய்வு நின்றது. நம் கரையோர மீன் ஊர்ச் சாக்கடை கலக்கும் தண்ணீரிலும் மேய்கிறது. கடற்காகம் குப்பைமேட்டிலும் மேயும். ஆகவே இங்கே கரைவலை மடியிலிருந்தே நெத்திலி, சூடை, காரல் எடுத்து, அவற்றில் என்ன இருக்கிறது என்று முதலில் அளந்து வைத்தாக வேண்டும். இரையின் கணக்கு இல்லாமல் பறவையின் கணக்கு எழுதுவது வீண்.

மூன்றாவது, குருணையே. கப்பலில் வருவது பெரும்பாலும் இன்னும் பொருளாக வார்க்கப்படாத மூலப்பொருள். தீத்தடுப்பு போன்றவற்றைப் பொருள் செய்யும்போதுதான் சேர்ப்பார்கள். எல்சா 3 குருணையைத் தின்ற பறவையின் கொழுப்பில் பிடிஇ-209ஐத் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், "ஆபத்தில்லை" என்று ஒரு பொய் முடிவு அச்சாகிவிடும். முதலில் குருணையைச் சோதித்து, அதில் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கச் சேர்த்தது எது என்று கண்டு, அதைத்தான் பறவையில் தேட வேண்டும். கரையில் கிடப்பது எல்லாம் ஒரே கப்பலில் வந்ததும் இல்லை. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை இலங்கைக் கடலில் கலந்தது. அதில் ஒரு பங்கு எரிந்து கட்டிதட்டியது. எரிந்த துண்டுகளின் ரசாயனக் கலவை எரியாத குருணையைவிட மூன்று மடங்கு சிக்கலானது என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியது. வெள்ளைக் குருணை, மஞ்சள் குருணை, கருகிய கட்டி மூன்றையும் ஒரே பையில் அள்ளிப் போட்டால் அந்தப் பை குப்பைத் தொட்டிக்குத்தான் உதவும். மஞ்சளானதில் வேறொரு வரலாறும் ஏறியிருக்கும். டிடிடியை விவசாயத்தில் பயன்படுத்த 1989இல் தடை வந்தது, ஹெச்சிஹெச் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி 1997இல் தடையானது; ஆனாலும் இவை மண்ணிலும் வண்டலிலும் வெகுகாலம் தங்கும். அவை நம் கடலில் இன்னும் எவ்வளவு இருக்கின்றன என்பதை அளக்க அந்த மஞ்சள் குருணை நல்ல மாதிரி.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நம் கரையில் தினமும் கண்ணில் படுவது. தெர்மாகோல். மீன் பெட்டி தெர்மாகோல், நண்டு வலைக்கு மிதவை தெர்மாகோல், சிலர் அதையே மிதவையாகக் கட்டி அதன் மேல் உட்கார்ந்து தொழிலுக்குப் போகிறார்கள். தென்கொரியாவில் மிதவைத் தெர்மாகோலைச் சோதித்தபோது ஹெச்பிசிடி என்ற தீத்தடுப்பு ரசாயனம் அதில் இருந்தது. அதில் ஒட்டி வளர்ந்த மட்டியிலும் ஏறியிருந்தது. நம் தெர்மாகோலை யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். கப்பல் மூழ்கினால் செய்தி வருகிறது. தெர்மாகோல் உதிர்ந்து உதிர்ந்து கடலில் கலப்பது வருஷம் முழுக்க நடக்கிறது.

இதில் ஆய்வுக்கு நேரடியான ஒரு கேடும் உண்டு. கரையில் செத்த பறவை கிடந்தால் நல்லெண்ணத்தில் செய்வது என்ன? மீன் பெட்டியில் ஐஸ் போட்டு வைப்பது. அந்தப் பெட்டி தெர்மாகோல். அல்லது பாலிதீன் பையில் சுற்றுவது. தேடப்போகும் ரசாயனத்தின் மீதே மாதிரியைப் படுக்கவைத்த மாதிரி ஆகிவிடும். அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும், பளபளப்பான பக்கம் எது என்றெல்லாம் பார்க்க வேண்டாம். கரைப்பானில் கழுவி உலர்த்திய தாளாக இருந்தால் போதும். நம் வெயிலில் கொழுப்பு சில மணி நேரத்திலேயே உருகிக் கெட்டுவிடும், நாயும் காகமும் விடாது. வனத்துறைக்குச் சொல்லாமல் பறவையையோ ஆமையையோ தொடவே கூடாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 அப்படி. ஆகவே அனுமதி, ஆள், உறைபெட்டி மூன்றும் செத்த பறவைக்கு முன்னாலேயே தயாராக இருந்தால்தான் மாதிரி உருப்படியாக ஆய்வகத்துக்கு வரும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது யமாஷிடா குழுவின் எண்ணெய் ஒற்றும் முறை. பறவைகளுக்கு அனுமதியோடு கால்வளையம் மாட்டும் பணி இந்தக் கரையில் பல காலமாக நடந்து வந்திருக்கிறது. வளையம் மாட்டப் பிடிக்கிற அந்தச் சில நிமிடத்தில், கரைப்பானில் சுத்தம் செய்த ஒரு துணித்துண்டால் வாலடிச் சுரப்பியை ஒற்றி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டுவிடலாம். பறவை பறந்துபோகும். பட்டினியால் வரும் பிழை இல்லை, அழுகல் இல்லை. அடுத்த வருஷம் அதே வளையத்தோடு திரும்பி வந்தால், அதே பறவையில் கூடியதா குறைந்ததா என்றுகூடப் பார்க்கலாம்.

பெரியவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: "மீனோட சதை வேற, குடல் வேற, கொழுப்பு வேற. பிளாஸ்டிக் கிடக்கறது பெரும்பாலும் குடல்ல. ரசாயனம் சதைக்கு வந்துச்சான்னு இந்தக் கரை மீனை எடுத்து அளந்தாத்தான் சொல்ல முடியும். அளக்காம விஷம்னு சொல்றதும் தப்பு, ஒண்ணுமில்லைன்னு சொல்றதும் தப்பு." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க என்ன எடுத்து வைக்கணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

மடியைக் கொட்டும்போது வரும் குருணையை ஊறுகாய் பாட்டில் போன்ற கண்ணாடிப் பாட்டிலில், தகர மூடி போட்டு, வெள்ளையைத் தனியாக, மஞ்சளைத் தனியாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். தேதி, இழுத்த இடம், அன்று அடித்த காற்று சோழகமா, கொண்டலா, வாடையா என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்கு வெளியே கட்ட வேண்டும். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும். அன்றைய மடியிலிருந்து ஒரு கைப்பிடி நெத்திலியை அலுமினியத் தாளில் சுற்றி, அதே தேதியோடு, ஐஸ் கம்பெனி உறைபெட்டியின் ஒரு மூலையில் போட்டு வைத்தால் இரையின் கணக்கு தொடங்கிவிடும். கல்லூரியிலிருந்து வாரத்துக்கொரு முறை வந்து எடுத்துக்கொள்கிறோம்.